பட்டாசு நாட்டுப் பெண்களுக்குப் பந்து எதற்கு?

2019 மே 22ம் தேதி பஞ்சாபில் லூதியானா மைதானத்தில் இந்திய மகளிர் லீக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்தது. மதுரையைச் சேர்ந்த சேது எப்.சி. குழு மணிப்பூர் போலீஸ் குழுவை 3-1 என்று தோற்கடித்துக் கோப்பையை வென்றது. விருதுநகரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர் மதுரை. 2018லும் 2023லும் தேசியக் கோப்பையைக் கொண்டு வந்தவர்களும் தமிழ்நாட்டுப் பெண்கள்தான். கடலூர் மாவட்டத்தில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடினார்; போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் பெற்றார்.

ஆனால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இதைப் பேசினால், "வயிற்றுப்பாடே பெரும்பாடாக இருக்கிறது. பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து எதற்கு?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒரு சரித்திரம். முதல் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தில் ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பெண்கள் குண்டு செய்யும் ஆலைகளுக்குள் வந்தார்கள். பிரஸ்டன் நகரத்து டிக் கெர் ஆலையில் வேலை செய்த பெண்கள் கால்பந்துக் குழு ஒன்றை அமைத்தார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 10,000 பேர் வந்தனர். 1920 டிசம்பர் 26ம் தேதி லிவர்பூலில் 53,000 பேர் திரண்டனர். வசூலான பணம் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் போயிற்று. 1921ல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தபோது, பட்டினி கிடந்த தொழிலாளர் குடும்பங்களுக்காகவும் பெண்கள் குழுக்கள் ஆடிப் பணம் திரட்டின.

அதே 1921 டிசம்பர் 5ம் தேதி, பெண்களுக்கு மைதானம் கொடுக்கக் கூடாது என்று ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கம் தடை போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்கு உகந்ததல்ல என்றார்கள். தடை நீங்க ஏறத்தாழ 50 வருஷம் ஆயிற்று. ஹாலந்திலும் 1971ல்தான் தேசியக் கால்பந்துச் சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பெண்கள் லீக் 2007ல்தான் பிறந்தது. பத்தே வருஷத்தில், 2017ல், அந்நாட்டுப் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையை வென்றார்கள். கதவு திறந்ததும் அவர்கள் செய்து காட்டியது இது!

தோழர்களே, அந்த நியாயத்தைக் கவனியுங்கள். வெடிமருந்தைக் கையாண்டபோது பெண்ணின் உடம்புக்கு ஆகாது என்று எவரும் சொல்லவில்லை. பந்தை உதைத்தபோதுதான் அந்த அக்கறை பிறந்தது. நம் பட்டாசு நாட்டிலும் இதே கதைதான். பெண் நாள் முழுதும் குனிந்து உட்கார்ந்து குழாய் உருட்டலாம், சரம் பின்னலாம், தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கலாம். முதலிப்பட்டியில் 2012லும் அச்சங்குளத்தில் 2021லும் நடந்ததுபோல வெடித்துச் சிதறும் ஆலைகளில் உயிரைப் பணயம் வைக்கலாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் மைதானத்தில் ஓடினால் மட்டும் குடும்ப கௌரவம் போய்விடுமா?

1996ல் சுப்ரீம் கோர்ட், சிவகாசிக் குழந்தைகள் வழக்கில், அபாயமான வேலையில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆலையை விட்டு வந்த குழந்தை பள்ளிக்கூடம் போக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டபின் விளையாட வேண்டும். அந்த நேரத்தில் அவள் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால், ஆலை வீட்டுக்குள் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். தாயின் பீஸ் ரேட் கூலி போதாததால்தான் மகளின் விரல்கள் வேலை செய்கின்றன. ஆகவே பந்துப் பிரச்னை கூலிப் பிரச்னைதான்.

அது வேலை நேரப் பிரச்னையும் ஆகும். 8 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் ஓய்வு, 8 மணி நேரம் நமக்கென்று. இதற்காகத்தான் 1886ல் சிகாகோ தொழிலாளிகள் ரத்தம் சிந்தினார்கள். இதற்காகத்தான் 1923ல் தோழர் சிங்காரவேலர் சென்னையில் மே தினக் கொடியை ஏற்றினார். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டசபை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. மே தினத்தன்று மசோதா வாபஸ் ஆயிற்று. அன்று நாம் காப்பாற்றிய மணிகள் யாருக்கு? ஆணுக்கு மட்டுமா? பஞ்சாலை ஹாஸ்டலில் அடைபட்டிருக்கும் பெண்ணுக்கு வாசல் தாண்டி ஒரு மணி நேரம் வெளியே போக உரிமை இல்லையா?

ஒரு குழு கோப்பை வென்றது, போதும் என்று நாம் திருப்தி அடைய முடியாது. 2023ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், லீக்கின் ஒவ்வொரு முன்னணிக் குழுவும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு வருஷம் 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாவது தர வேண்டும் என்று அறிவித்தது. நல்லதுதான். ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியாக நம் வீட்டுப் பெண் வர வேண்டுமானால், பத்து வயதில் அவள் காலில் பந்து பட வேண்டும். தனவந்தரின் தயவை நம்பி அது நடக்காது.

ஆகவே நாம் கோருகிறோம்: ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பெண்களுக்கு விளக்கு வசதியோடு மைதானம், ஒவ்வொரு சர்க்கார் பெண்கள் பள்ளியிலும் உடற்பயிற்சி ஆசிரியை, மகளின் உழைப்பு இல்லாமலே குடும்பம் சாப்பிடக்கூடிய கூலி. தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாதர் சங்கமும் இந்தக் கோரிக்கைகளைத் தங்கள் மகஜரில் சேர்க்கட்டும்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்காரிடம் கேட்பதற்கு முன் நம் வீட்டில் தொடங்குவோம். மகள் பந்தோடு கிளம்பும்போது தண்ணீர்க் குடத்தை நாம் எடுப்போம்.