பெயர் பொறித்த மரம்

என் அக்காள் பேரன் எட்டு மாதமாக ஒரு பேஸ் கிட்டார் வாங்கிக்கொண்டிருக்கிறான். இன்னும் வாங்கி முடியவில்லை. கையில் பணம் இல்லாமல் அல்ல. அவன் அப்பா பணத்தை எண்ணி வைத்துவிட்டார். எதை வாங்குவது என்பதுதான் தீரவில்லை. இரவு பதினொரு மணிக்குமேல் அவன் அறையில் வெளிச்சம் தெரிந்தால் பாடம் படிக்கிறான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யாரோ ஒருவர் இரண்டு கிட்டார்களை மாற்றி மாற்றி மீட்டி, இது கொஞ்சம் கனம், அது கொஞ்சம் தெளிவு என்று சொல்வதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சென்ற வாரம் என்னிடமே வந்துவிட்டான்.

"தாத்தா, பிரிசிஷன் வாங்கட்டுமா, ஜாஸ் வாங்கட்டுமா?"

"உனக்கு எதில் வாசிக்க வருகிறது?" என்றேன்.

"நல்ல கதை! வாங்கினால்தானே வாசிக்கக் கற்றுக்கொள்ள முடியும்?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையனிடம் எனக்குக் கோபமும் இல்லை. இந்த வியாதியை அவனுக்கு ஒட்டவைத்தார்களே, அவர்களிடம்தான் கோபம்.

விஷயம் தெரியாமல் ஒரு கதாசிரியன் பிதற்றுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆகையால் எதிர்க்கட்சியின் வாதத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.

1951-ல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் ஊரில், லியோ பெண்டர் என்பவர் ஒரு மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை கீழ் ஸ்தாயிக்கு ஆளுயர டபிள் பாஸைத்தான் வாத்தியக்காரர்கள் சுமந்து திரிந்தார்கள். பெண்டரின் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். நம் வீணைக்கு இருப்பதுபோல் அதற்கு மெட்டுகளும் உண்டு. விரலை மெட்டின் பின்னால் வைத்தால் சுருதி பிசகாது. அதனால்தான் 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், என்று பெயர். 1957-ல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிளந்து, இரண்டு தந்திக்கு ஒரு துண்டு வீதம் வைத்தார்கள்; மின்சாரத்தின் ரீங்காரம் அடங்கிற்று. 1960-ல் ஜாஸ் பேஸ் வந்தது. அதற்கு இரண்டு பிக்கப். ஒன்று குதிரையை ஒட்டி, மற்றொன்று சற்றுத் தள்ளி.

பிக்கப் என்றால் மாயம் ஒன்றுமில்லை. காந்தம், அதைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பிச் சுருள். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. குதிரைக்குப் பக்கத்தில் தந்தி அதிகம் ஆடாது. அங்கே எடுக்கும் நாதம் இறுகி, மூக்கால் பேசுவதுபோல் இருக்கும். தள்ளி எடுத்தால் உருண்டு திரண்டு வரும். ஜாஸ் பேஸில் இரண்டையும் வேண்டிய அளவில் கலக்கலாம். பிரிசிஷனில் நடுவில் உள்ள ஒன்றுதான்.

தந்தியிலும் ஜாதி உண்டு. தட்டையான நாடாவைச் சுற்றிய தந்தி வழவழப்பானது. நாதம் மரத்தைத் தட்டினாற்போல் அடக்கமாக வரும். உருண்டைக் கம்பியைச் சுற்றியது புதிதாக இருக்கையில் பியானோவைப்போல் கணீரென்று பேசும். விரலை இழுத்தால் கிறீச்சிடும்.

வித்தியாசமே இல்லை என்று நான் சாதித்தால் அது பொய். வித்தியாசம் இருக்கிறது, காது உள்ளவனுக்குக் கேட்கும். ஆனால் அந்த வித்தியாசம் எத்தனாவது இடத்தில் இருக்கிறது என்பதல்லவா கேள்வி? என் வரிசை இது: முதலில் விரல், அப்புறம் தந்தி, அதற்கும் அப்புறம் பிக்கப், கடைசியில் மரமும் வர்ணமும். கடைக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறார். ஏன்? விரலை விற்க முடியாது!

டெட்ராய்ட் நகரத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தார். டபிள் பாஸ் கற்றவர். 1960-களில் மோட்டவுன் கம்பெனியின் ஒலிப்பதிவு அறையில், எத்தனையோ பிரசித்தமான பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தார். அவரிடம் இருந்தது 1962-ல் செய்த பிரிசிஷன் ஒன்று. தட்டைத் தந்தி, அதுவும் அறுந்துபோனால் ஒழிய மாற்றமாட்டார். வலது கையில் வாசித்தது ஆட்காட்டி விரல் ஒன்றினால்தான். போர் டாப்ஸ் குழு பாடிய 1967-ம் வருஷத்துப் 'பெர்னடெட்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். பாடகர் ஒரு பக்கம் கதறிக்கொண்டிருக்க, அடியில் ஒரு மனிதர் தனியாக வேறொரு பாட்டையே பாடிக்கொண்டு போகிறார். இரண்டும் ஒரே பாட்டு!

உடனே வியாபாரி சொல்கிறான்: "பார்த்தீர்களா! பிரிசிஷன், தட்டைத் தந்தி. வாங்குங்கள்!"

சரி, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வருவோம். அங்கே கெரோல் கே என்ற அம்மையார் அதே காலத்தில் ஓயாமல் வாசித்துக்கொண்டிருந்தார். 1966-ல் வெளிவந்த பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டில் பல பாட்டுகளுக்கு அவர்தான் பேஸ். அவரிடம் இருந்ததும் பிரிசிஷன்தான். தந்தியும் தட்டைத் தந்திதான். ஆனால் அவர் விரலால் மீட்டவில்லை. கெட்டியான வில்லையால் தட்டினார். ஒவ்வொரு ஸ்வரமும் கத்தரித்து வைத்ததுபோல் விளிம்பு கட்டி நிற்கிறது. ஜேமர்சனிடம் ஸ்வரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடும். ஒரே மாதிரி வாத்தியம், ஒரே ஜாதித் தந்தி, இரண்டு குரல்! வியாபாரியின் ஜாபிதாவில் இதற்கு எந்தப் பத்தியில் இடம்?

எதிர்க்கட்சிக்கு ஒரு பலமான சாட்சி உண்டு. அவர் பெயர் ஜேக்கோ பாஸ்டோரியஸ். 1976-ல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டில் பேஸ் கிட்டார் மனிதக் குரல்போல் பாடிற்று. அவருடையதும் 1962-ம் வருஷத்து வாத்தியம்தான். ஆனால் ஜாஸ் பேஸ். குதிரைப் பக்கத்துப் பிக்கப், உருண்டைத் தந்தி. "இப்போது என்ன சொல்கிறீர்?" என்கிறார்கள்.

இதைத்தான் சொல்கிறேன்: அந்த வாத்தியத்தில் மெட்டே இல்லை! பிடுங்கிப்போட்டாயிற்று. உருண்டைத் தந்தி வெறும் மரத்தை அராவித் தின்றுவிடும் என்பதற்காக, படகுக்குப் பூசும் பிசினை அதன்மேல் பூசியிருந்தார்கள். அப்படி ஒரு வாத்தியம் 1962-ல் எந்தக் கடையில் விற்றது? அந்த மனிதருக்கு முதலில் பாட்டு இருந்தது. அந்தப் பாட்டுக்கு வாத்தியம் வளைந்து கொடுத்தது. நம் பையன்களுக்கு வாத்தியத்தை முதலில் கொடுத்துவிட்டு, பாட்டு தானாக வரும் என்று சொல்லுகிறார்கள்.

இதுவரை சொன்னது வாதம். இனிமேல் சொல்லப்போவது மனசு பொறுக்காமல் சொல்வது.

பெண்டரின் வாத்தியத்தில் தலைப்பக்கத்தில் பெண்டரின் பெயர் பளிச்சென்று பொறித்திருக்கும். ஆனால் அதை வாசித்த ஜேமர்சனின் பெயர், அவர் உயிரைக் கொடுத்து வாசித்த அந்தப் பாட்டுகளின் இசைத்தட்டில் இல்லை. மோட்டவுனின் பெரிய இசைத்தட்டு ஒன்றின் உறையில் அவர் பெயர் அச்சானது 1971-ல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோதுதான். 1983-ல் அந்தக் கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா பாசடீனா நகரத்தில் நடந்தது. பாடகர்கள் மேடையில் இருந்தார்கள். ஜேமர்சன் தன் காசில் டிக்கெட் வாங்கி மாடியில் உட்கார்ந்து பார்த்தார். அதே வருஷம் ஆகஸ்டு மாதம் இறந்துபோனார். வயது 47. இறப்பதற்குச் சில நாள் முன்பு அந்தப் பழைய பிரிசிஷனும் திருடு போய்விட்டது.

பிற்பாடு கௌரவங்கள் எல்லாம் வந்தன. அவர் பெயரைச் சொல்லித் தந்திகூட விற்பனைக்கு வந்தது. தந்தியே மாற்றாத மனிதரின் பெயரால் தந்தி வியாபாரம்! இதற்குமேல் ஒரு கேலிச்சித்திரம் யாராலும் போட முடியாது.

மரத்துக்குப் பெயர், மனிதனுக்கு இல்லை. அன்று கம்பெனிக்காரர்கள் செய்த அநியாயத்தை, ராத்திரி முழுவதும் பிக்கப்பை ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் நாமும் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறோம். அற்புதமான ஒரு நாதத்தைக் கேட்டதும், "யார் வாசித்தது?" என்று கேட்பதற்கு முன்னால், "எதில் வாசித்தது?" என்று கேட்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம்? அந்த நாதத்துக்கு ஒரு மனிதனின் உழைப்பும் பசியும் காரணம் அல்ல, கடையில் கிடைக்கும் ஒரு சரக்குதான் காரணம் என்று அர்த்தம்.

எனக்கு மட்டும் இந்த வியாதி வந்ததில்லையா? வந்திருக்கிறது. "எந்தப் பேனாவால் எழுதுகிறீர்கள்?" என்று கேட்கும் வாசகர்கள் உண்டு. என் மேஜை அறையில் பதினொரு பேனாக்கள் இருக்கின்றன. நாவல் நகராமல் நின்றபோதெல்லாம் ஒன்று வாங்கினேன். நிப்பை ஒப்பிட்டேன், மையை ஒப்பிட்டேன். அவற்றில் ஒன்றாலும் அந்த நாவல் நகரவில்லை. முதல் நாவலை எழுதியது இரவல் பேனாவில்! தொடங்குவதற்குப் பயமாக இருக்கிறது என்று மனிதன் ஒப்புக்கொள்ளமாட்டான். இன்னும் தேர்ந்தெடுத்து முடியவில்லை என்பான். அதில் மரியாதை கெடாது பாருங்கள்.

ஆகவே பையா, உனக்குச் சொல்கிறேன். தண்டி வளையாத, மெட்டின் ஓரம் கையைக் கிழிக்காத ஏதாவது ஒரு பேஸ் கிட்டாரை நாளைக் காலையில் போய் வாங்கு. நீலமோ சிவப்போ, ஒரு பிக்கப்போ இரண்டோ, எனக்குக் கவலை இல்லை. ஒரு ஜோடித் தட்டைத் தந்தி மாட்டு. ஒரு வருஷத்துக்கு அதை மாற்றாதே. தினம் ஒரு மணி நேரம், விரல் காய்த்துப்போகும்வரை வாசி.

வருஷம் திரும்பியதும் என்னிடம் வா. பிரிசிஷனா, ஜாஸா என்று என்னைக் கேட்காதே. அப்போது நீ எனக்குச் சொல்; நான் கேட்டுக்கொள்கிறேன்.