அத்தாவின் மருந்துச் செலவு ஜகாத் ஆகுமா?

ரமளான் நெருங்கினால் இக்கேள்வி வந்துவிடுகிறது: மறதிநோயுற்ற அத்தாவுக்குச் செய்யும் செலவை ஜகாத்தில் கழிக்கலாமா? கூடாது, சகோதரர்களே! வறிய பெற்றோரைப் பேணுவது வசதியுள்ள மக்கள்மீது கடமை. தம் கடமையைத் தம் ஜகாத்தால் அடைப்பது எந்தக் கணக்கு?

ஏனாத்தூரில் குழித்தறியிலேயே முதுமையடைந்த ஒருவர் இன்று மகனின் பெயரை மறந்திருக்கலாம். அவருடைய உரிமை மறைந்துவிடாது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கோர வழிசெய்கிறது. மறந்தவர் முறையிடமாட்டார் என்ற துணிவா? அவர் சார்பில் பிறரும் முறையிடலாம்.

இரவெல்லாம் விழித்திருப்பவரோ மருமகள். மாமனாருக்குப் பணிவிடை செய்வது அவர்மீது மார்க்கம் விதித்த கடமையன்று. செய்தால் அது அவருடைய உபகாரம். பகலுக்கேனும் ஓர் ஆளை அமர்த்துங்கள். கூலியை மகன் தன் பையிலிருந்து கொடுக்கட்டும்.