தலைவிதியா? கம்பெனி விதியா?

நம் மக்களிடம் ஒரு விசித்திரமான குணம் உண்டு. சந்தையில் கத்தரிக்காய் நிறுவை கொஞ்சம் குறைந்தால் கடைக்காரனை லேசில் விடமாட்டார்கள். ஆனால், தமக்குப் புரியாத பாஷையில் அச்சடித்து, முத்திரையும் குத்தி ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டாலோ, அதில் கண்டிருப்பது என்னவென்று கேட்கவும் துணியமாட்டார்கள். மந்திரத்திற்கு அர்த்தம் கேளாமல் தட்சணை கொடுத்துப் பழகிய கை, பாலிசிக்கு அர்த்தம் கேளாமல் பிரீமியம் கட்டுவதில் ஆச்சரியமென்ன இருக்கிறது?

சென்ற மாதம், தறி ஓட்டிப் பிழைக்கும் நண்பர் ஒருவர் ஒரு கடிதத்துடன் நம்மிடம் வந்தார். அவர் மனைவியாருக்கு இருதயத்தில் அடைப்பு ஏற்பட்டு ஆஸ்பத்திரியில் வைத்தியமாயிற்று. ஆறு வருஷமாக ஒரு தவணையும் தவறாமல் வைத்தியச் செலவு இன்ஷூரன்ஸுக்குப் பணம் கட்டியிருக்கிறார். செலவுத் தொகையைக் கேட்டதற்குக் கம்பெனியார், "அம்மையாருக்கு முன்னமே இரத்தக் கொதிப்பு உண்டு; அதை மறைத்துவிட்டீர்கள்; ஆதலால் தருவதற்கில்லை" என்று நாலே வரியில் பதில் எழுதிவிட்டார்கள். நண்பரோ, "எங்கள் தலையெழுத்து அவ்வளவுதான், நகையை விற்றுக் கடனைக் கட்டியாயிற்று" என்கிறார்.

"மனுப் பாரத்தைப் பூர்த்தி செய்தது யார்?" என்று கேட்டோம். "ஏஜெண்டுதான், நான் கையெழுத்து மட்டும் போட்டேன்" என்றார். "கொதிப்பு இருப்பதை அவரிடம் சொன்னீர்களா?" என்றதற்கு, "சொன்னேன்; அதெல்லாம் எழுத வேண்டியதில்லை என்றுவிட்டார்" என்றார்.

தோழர்களே! வைதீகன் உன் கஷ்டத்திற்கெல்லாம் முன்ஜென்ம பாவத்தைக் காட்டுவான். கம்பெனியானோ முன்வியாதியைக் காட்டுகிறான். ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முன்ஜென்ம பாவத்திற்குக் கெடு கிடையாது. அது எத்தனை தலைமுறையானாலும் தீராது. முன்வியாதிக்கோ சர்க்காரின் இன்ஷூரன்ஸ் ஆணையம் கெடு வைத்திருக்கிறது. முன்னமே உள்ள நோயென்று சொல்லி ஒரு கம்பெனி அதிகபட்சம் 3 வருஷந்தான் தள்ளிவைக்கலாம். 2024க்கு முன் இது 4 வருஷமாயிருந்தது. அன்றியும், விடாமல் 5 வருஷம் பணம் கட்டிவிட்டால், அதன்பின் "மறைத்துவிட்டாய்" என்று சொல்லிக் கிளெய்மை மறுக்கவே கூடாது. மோசடி என்று ருஜுப்படுத்தினாலொழிய வழியில்லை. முன்பு 8 வருஷமாயிருந்த இக்கெடுவையும் 2024இல்தான் குறைத்தார்கள். நமது நண்பர் கட்டியதோ 6 வருஷம்! இவ்விஷயம் கம்பெனியாருக்குத் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்?

எந்த விதியின்படி மறுக்கிறோமென்று குறிப்பாகக் காட்டியே மறுக்கவேண்டுமென்பதும், கம்பெனிக்குள் அதற்கென உள்ள கமிட்டியின் சம்மதமின்றி மறுக்கக்கூடாதென்பதும் அதே ஆண்டின் உத்தரவுதான். நண்பரின் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். விதியின் நம்பர் ஒன்றுகூட இல்லை.

2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லிற்று. நீரிழிவு உண்டென்று சொல்லியே பாலிசி வாங்கி அமெரிக்கா சென்ற ஒருவருக்கு அங்கே மாரடைப்பு வந்தது. கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லையென்று கம்பெனி கைவிரித்தது. உடல்நிலையைத் தெரிந்து பாலிசி கொடுத்தபின் அதே நிலையைக் காட்டி மறுக்க முடியாதென்று கோர்ட்டு கம்பெனியின் மறுப்பைத் தள்ளிவிட்டது. அந்த மனிதரும் தலையெழுத்தென்று இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

நிற்க. நோயை வேண்டுமென்றே மறைத்துப் பாலிசி வாங்குவதை நாம் ஆதரிக்கவில்லை. அது மற்றவர்கள் கட்டிய பணத்தைத் திருடுவதாகும். மறுப்பெல்லாம் அக்கிரமம் என்றும் சொல்ல வரவில்லை. மறுப்பவன் காரணம் காட்டட்டும், அக்காரணம் சரியா என்று பார்ப்போம் என்றுதான் கேட்கிறோம். சாஸ்திரத்தையே இப்படிக் கேட்கும் நம் இயக்கத் தோழர்களிலும் எத்தனை பேர் தங்கள் பாலிசியைப் பிரித்துப் படித்திருப்பார்களோ, சந்தேகந்தான்.

கேட்கும் வழி ஒன்றும் பிரமாதமல்ல. முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதவேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும், ஒரு வருஷத்திற்குள் ஓம்பட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நம் நாட்டாருக்கு அவர் ஆபீஸ் சென்னையில் இருக்கிறது. அங்கே கட்டணமில்லை, வக்கீலுக்கு இடமேயில்லை. 50 லட்ச ரூபாய் வரையில் அவர் தீர்ப்புச் சொல்லலாம். அவர் தீர்ப்பை 30 நாளில் நிறைவேற்றாத கம்பெனி, அப்புறம் நாளொன்றுக்கு 5000 ரூபாய் மனுதாரருக்குத் தண்டம் கட்டவேண்டும். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகும் வழியும் இருக்கிறது.

இதையெல்லாம் நண்பருக்கு விளக்கினோம். "அவ்வளவு பெரிய கம்பெனியோடு நான் எப்படி ஐயா மல்லுக்கு நிற்பது?" என்றார். அவருடைய மனைவியார்தான், "காசு கட்டும்போது மட்டும் நாம் சின்ன ஆளா?" என்று கேட்டார். அதன் பிறகு அவரே உட்கார்ந்து, ஏஜெண்டிடம் சொன்னது, கட்டிய தவணைகள், ஆறு வருஷக் கணக்கு எல்லாவற்றையும் தமிழில் இரண்டு பக்கத்திற்கு எழுதினார். வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் தபாலில் கம்பெனிக்குப் போயிற்று. ரசீது அம்மையாரிடம் பத்திரமாயிருக்கிறது.