முன்பே இருந்த நோய்

வரும் 31ஆம் தேதி மாலை என் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதோடு என் அப்பாவின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். "கடைசி வேலை நாளோட கவரேஜ் முடிஞ்சிடும் சார்" என்றார் மனிதவளத் துறையில் இருக்கும் அம்மணி. கேன்டீன் கூப்பன் முடிவதையும் அதே குரலில்தான் சொன்னார்.

ஆட்குறைப்பில் என்னோடு வெளியேறும் நண்பர் ஒருவர், "ஆறு மாசம் பிரேக் எடுத்துக்கலாம்னு இருக்கேன்" என்று தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு மயிலாப்பூரில் பாட்டன் கட்டிய வீடு இருக்கிறது, மேல்மாடி வாடகை வருகிறது, சித்தப்பா டாக்டர். அந்த வீட்டில் கம்பெனிக் காப்பீடு என்பது ஐந்தாவது பூட்டு. எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் பூட்டு. ஒரே நாளில், ஒரே கடிதத்தில் வேலை போன இரண்டு பேர் எப்படி வேறு வேறு இடத்தில் போய் விழுகிறோம் என்பதைப் பேசாமல் இந்த நாட்டில் காப்பீட்டைப் பற்றிப் பேச முடியாது.

அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரையும் மூச்சிரைப்பும் இருக்கின்றன. இராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளில், எங்கள் ஊர் வழக்கில் டேனரிகளில், முப்பது வருடம் வேலை செய்தவர். சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டுவது, பிறகு குரோம் டிரம்மில் ஏற்றி இறக்குவது. அந்த வேலைக்கு யார் போவார்கள் என்று எங்கள் பக்கம் யாரும் விளம்பரம் கொடுத்ததில்லை. மேஸ்திரி நேராகச் சேரிக்குத்தான் வருவார். செத்த மாட்டுத் தோலைத் தொட்டால் தீட்டு, தைத்த பிறகு செருப்பு, ஏற்றுமதியானால் அந்நியச் செலாவணி. தீட்டு மட்டும் அப்பாவின் நுரையீரலில் தங்கிவிட்டது.

தனியாக ஒரு பாலிசி எடுக்கலாம் என்று விசாரித்தேன். முகவர் கேட்ட முதல் கேள்வி, "ப்ரீ எக்ஸிஸ்டிங் டிசீஸ் ஏதாவது இருக்கா?" அதாவது முன்பே இருக்கும் நோய். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்கு உடனே பணம் தர மாட்டார்கள், காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு 36 மாதங்களுக்கு மேல் போகக் கூடாது என்று 2024இல் ஒழுங்குமுறை ஆணையம் வரம்பு வைத்தது. அதற்கு முன்பு 48 மாதம். தனிநபர் பாலிசிக்கான 18 விழுக்காடு ஜிஎஸ்டியையும் 2025 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். நல்லது. அதற்குப் பிறகும் அப்பா ஒருவருக்கு மட்டும் ஆண்டுக்கு 46 ஆயிரம் கேட்கிறார்கள், அதுவும் மூன்று வருடம் மூச்சிரைக்காமல் இருந்தால். வேலை இல்லாதவன் கட்டக்கூடிய தொகையா இது?

நோய் முன்பே இருந்தது என்றால், நோய்க்கு முன்பே என்ன இருந்தது? அந்தப் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. அப்பாவை அந்தக் குழிக்கு அனுப்பியது எது என்று கேட்காதவர்கள், குழியிலிருந்து அவர் கொண்டுவந்ததை மட்டும் அவருடைய குறையாக எழுதிக்கொள்கிறார்கள்.

இதில் என்னைத் தூங்கவிடாதது இன்னொன்று. ஓய்வு பெறும் வயதில் வேலையை விட்டவர் ஐந்து ஆண்டுகளாவது ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்திருந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தானும் துணைவியும் ஈ.எஸ்.ஐ. மருத்துவம் பெற ஏற்பாடு உண்டு. மாதத்துக்கு பத்து ரூபாய்! முப்பது வருடம் உழைத்த அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. கூலியில் பிடித்தார்கள், அது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. கார்டு தரவில்லை. மேஸ்திரி மாறினால் ஆள் புதிது, கணக்குப் புதிது. அப்பா அந்த ஆலைகளில் இருந்த காலம் முழுக்க நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டு சட்டத்தின் 40ஆம் பிரிவு, ஒப்பந்தக்காரர் மூலம் வந்த தொழிலாளிக்கும் முதன்மை முதலாளியே பங்களிப்பைக் கட்ட வேண்டும் என்றது. குரோமியத்தால் வரும் நோய்கள் அதே சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருந்தன. எல்லாம் எழுதித்தான் இருந்தது. அப்பா அங்கே வேலை செய்தார் என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை.

இந்தச் சட்டம் யாரோ போட்ட பிச்சை அல்ல. தொழிலாளர் நலக் காப்பீட்டுக்கான அதார்கர் அறிக்கை 1944இல் வந்தபோது வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினர் அண்ணல் அம்பேத்கர். 1948இல் சட்டம் நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். நம்மவர்கள் இருந்த நாற்காலியிலிருந்து வந்த உரிமையை, நம்மவர்கள் நின்ற குழிக்குள் இறங்கவிடாமல் தடுத்தது ஒப்பந்த முறை.

சரி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே? இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டையில் என் பெயர் இருக்கிறது, போன வருடச் சம்பளமும் கணக்கில் இருக்கிறது. வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலகம் போனபோது, "பையன் சென்னைல கம்பெனில இருக்கான், உனக்கு எதுக்குய்யா இது?" என்று அப்பாவைத் திருப்பி அனுப்பினார்கள். எந்தத் தெரு என்றும் கேட்டார்களாம். காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அந்த மேசையில் இருப்பவருக்கு ஆவணம் தேவைப்படவில்லை. அரசுக் காப்பீட்டுக்கு நான் பணக்காரன், தனியார் காப்பீட்டுக்கு நான் வேலையற்றவன்.

70 வயது கடந்தால் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று ஒன்றிய அரசும் 2024இல் அறிவித்தது. அப்பாவோடு டேனரிக்குப் போனவர்களில் எழுபதைத் தொட்டவர்களை எண்ண எனக்கு ஒரு கை போதும்.

அரசு மருத்துவமனைக்குப் போகலாமே என்பார்கள். போவோம். நான் பிறந்தது அங்கேதான். அப்பாவின் சர்க்கரை மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது, அதைக் கொண்டுவரும் அக்காவை அம்மா மோர் கொடுக்காமல் அனுப்பியதில்லை. அந்த மருத்துவமனைகளைக் காப்பாற்ற நாம்தான் தெருவில் நிற்கிறோம். ஆனால் இந்த யோசனையைச் சொல்கிறவர்கள் யாரும் தங்கள் அப்பாவை அங்கே வரிசையில் நிறுத்தியதில்லை. எல்லோரும் அங்கே வரட்டும், அப்போது வரிசை தானாகக் குறையும், படுக்கை தானாகக் கூடும்.

நான் கேட்பது சலுகை அல்ல. ஒப்பந்தத் தொழிலாளியின் ஈ.எஸ்.ஐ. கணக்கு மேஸ்திரி மாறும்போதெல்லாம் அறுந்து போகக் கூடாது, பழைய ஆண்டுகளுக்கு ஆதாரம் காட்டும் பொறுப்பு ஆலையின் மேல் விழ வேண்டும். ஆட்குறைப்பு செய்யும் நிறுவனம் குறைந்தது ஆறு மாதத்துக்காவது காப்பீட்டைத் தன் செலவில் தொடர வேண்டும். வருமானச் சான்று இன்றைய வருமானத்தைப் பார்க்க வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலியைப் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை. நம் இயக்கத் தோழர்களும் இதைத் தொழிற்சங்க வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். தோல் தொழிலில் சாதியையும் கூலியையும் எந்த இடத்தில் பிரிப்பீர்கள் தோழர்களே?

நேற்று இரவு அப்பா போன் செய்தார். வேலை போனதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த கார்டு எதுவரைக்கும் செல்லும்டா?" என்றார். 31 வரை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை, மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பிறகு, "அப்போ அந்த நெஞ்சு ஸ்கேனை அதுக்குள்ள எடுத்துடலாமா?" என்றார். 29ஆம் தேதி காலை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.