ஓய்வு யாருக்கு?

“ஆறுதலாக வாழுங்கள், அவசரமே நோய்களுக்கெல்லாம் மூலம்” என்னும் உபதேசம் இன்று எங்கும் ஒலிக்கின்றது. ஞாயிறு மலர்கள் இதனைப் போதிக்கின்றன. தியான முகாம்கள் கட்டணம் பெற்று இதனைப் பயிற்றுகின்றன. உபதேசத்திற் பிழையில்லை. உணவைப் போன்றே ஓய்வும் மனிதனுக்கு இன்றியமையாதது என்பதை நாமும் ஏற்கின்றோம். ஆனால், இவ்வுபதேசம் யாரை நோக்கிச் செய்யப்படுகின்றது என்பதே நமது கேள்வி.

விடியுமுன் எழுந்து, லயன் காம்பராவில் அடுப்பு மூட்டி, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, கூடையுடன் மலையேறும் பெண்ணிடம் “மெல்லச் செல்” என்று கூறிப் பாருங்கள். நிர்வாகம் குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அவளுக்கு அரைப்பேர்தான். மெல்லச் சென்றதற்கான தண்டனையைத் தராசே விதித்துவிடும். 1978இல் தொடங்கப்பெற்ற கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்திலே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவளுக்கும் மணிக்கு இத்தனை என்ற இலக்கு உண்டு. இவர்களுடைய அவசரம் மனத்தின் நோயன்று. வேறொருவரின் இலாபக் கணக்கு.

ஓய்வை உழைக்கும் மக்களுக்கு எவரும் தானமாக அளித்ததில்லை. 1886 மே 1ஆந் திகதி அமெரிக்கத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தது எட்டு மணி நேர வேலைநாளுக்காகவே. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் தாபனம் இயற்றிய முதலாவது சமவாயம் வேலை நேரத்தைப் பற்றியது. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் 24ஆம் உறுப்புரையில் ஓய்வை உரிமையென ஏற்றது. நமது நாட்டிலும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணியும் வாரத்துக்கு 45 மணியும் என வரையறுத்தது. இயந்திரம் பெருகிய உலகில் நாளொன்றுக்கு மூன்று மணி நேர உழைப்பே போதுமென 1880இலேயே எழுதினார் மார்க்ஸின் மருமகன் போல் லஃபார்க். இயந்திரம் பெருகிற்று, ஓய்வோ பெருகவில்லை.

பிறரைக் குற்றஞ்சாட்டும் நாம் நம்மையும் நோக்கவேண்டாமா? ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை முன்னிட்டுப் பத்து வயதுக் குழந்தையை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ரியூசன் வகுப்பில் அடைப்பவர்கள் யார்? ஆசிரியர்களாகிய நாமல்லவா? 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் நமது சம்பளம் போதாமற்போனது உண்மை. எனினும், அக்குறையைக் குழந்தையின் விளையாட்டு நேரத்தை விற்று ஈடுசெய்வது நீதியாகுமா?

“நம் பிள்ளை ஓய்ந்திருந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளை முந்திவிடுமே” என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொய்யன்று. நல்ல பாடசாலைகள் சிலவாகவும் வசதியற்றவை பலவாகவும் இருக்கும்வரை அது நீங்காது. ஆகவே, குழந்தையின் ஓய்வுக்கான போராட்டம் பாடசாலைகளின் சமத்துவத்துக்கான போராட்டமேயாகும். எட்டு மணி உழைப்பினால் ஒரு குடும்பம் வாழக்கூடிய சம்பளத்துக்கான போராட்டமும் அதனோடு இணைந்ததே.

அப்போராட்டம் நெடியது. ஆனால், ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நிறுத்துவதற்கு நாம் எவரையும் கேட்டு நிற்கவேண்டியதில்லை. அதனை நமது ஆசிரியர் சங்கங்கள் இவ்வாண்டே தீர்மானமாக நிறைவேற்றட்டும். ஆறுதலாக வாழும் உரிமையைப் பற்றிப் பேசும் தகுதி அதன் பின்னரே நமக்கு உண்டாகும்.