விண்மீனுக்குப் பெண் பெயர் வைத்தோம்... பெண்ணுக்கு?

வரலாறு படிக்கும் மாணவிக்கு வானத்தோடு என்ன வழக்கு என்று சிலர் கேட்கக்கூடும். வழக்கு இருக்கிறது. அதை இந்த ஆண்டு மலரின் வாயிலாகப் பேராசிரியப் பெருமக்கள் முன்னும், உடன் பயிலும் தோழியர் முன்னும் வைக்க விழைகிறேன்.

நம் நாட்டின் சார்பில் ஒரு விண்மீனுக்குப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2019ஆம் ஆண்டில் உலக வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டை ஒட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஒவ்வொரு விண்மீனையும் அதைச் சுற்றும் கோளையும் ஒதுக்கி, பெயர் சூட்டச் சொன்னது. இந்தியாவுக்கு வாய்த்தது, அதுவரை எச்.டி. 86081 என்று வெறும் எண்ணால் அறியப்பட்ட விண்மீன். அதற்குப் 'பிபா' என்றும், அதன் கோளுக்குச் 'சந்தமசா' என்றும் பெயராயிற்று. முன்னது ஒளிக்கற்றை எனப் பொருள்படும் வங்கச் சொல். பின்னது மேகம் மூடியது எனப் பொருள்படும் வடசொல். முதற்பெயரை முன்மொழிந்தவர் சூரத்தில் பயின்ற ஒரு கல்லூரி மாணவர். இரண்டாவதை முன்மொழிந்தவர் புனேயைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவர். நம்மைப் போன்றவர்கள்தாம்!

எங்கே இருக்கிறது அந்தப் பிபா? மாசி மகத்தன்று முழுநிலா எங்கே நிற்கிறதோ, அந்த மக நட்சத்திரத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, சிறு தொலைநோக்கி ஒன்று இருந்தால் போதும். தொலைவு ஏறத்தாழ 340 ஒளியாண்டு. இன்று நம் கண்ணுக்கு வந்து சேரும் அதன் ஒளி, மதுரையில் ராணி மங்கம்மாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற காலத்தை ஒட்டி அங்கிருந்து புறப்பட்டது. வரலாற்று மாணவிக்கு வானத்தில் வேலை இல்லை என்று இனி யார் சொல்ல முடியும்?

சந்தமசாவோ எந்தத் தொலைநோக்கியிலும் நேராகக் கண்டறியப்பட்டதன்று. திருவிழாக் கூட்டத்தில் அண்ணன் தன் சின்னத் தங்கையின் இரு கைகளையும் பிடித்துச் சுற்றுகிறான். தங்கை மட்டுமா சுற்றுகிறாள்? அவனும் பின்னால் சாய்ந்து ஆடித்தான் ஆகவேண்டும். அதுபோலக் கோள் இழுக்கும்போது விண்மீனும் சிறிதே நம்மை நோக்கி வரும், சிறிதே விலகும். அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால் இந்த ஆட்டம் தெரிந்துவிடும். ஹவாய்த் தீவின் மலையுச்சியில் உள்ள கெக் தொலைநோக்கியின் துணையால் இவ்வாறு 2006இல் அறியப்பட்டதே இக்கோள். நம் பூமியைப் போல் 318 மடங்கு நிறையுடையது வியாழன். சந்தமசாவோ அந்த வியாழனைப் போலக் குறைந்தது ஒன்றரை மடங்கு! அவ்வளவு பெரிய கோள், நம் புதன் கதிரவனுக்கு இருக்கும் தூரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தூரத்திலேயே தன் விண்மீனைச் சுற்றுகிறது. அதன் ஓர் ஆண்டு நமக்கு இரண்டு நாளும் மூன்று மணி நேரமும் சொச்சமுமே!

இனி, அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றிச் சொல்கிறேன். பிபா என்பது வெறும் சொல் மட்டுமன்று; அது ஒரு பெண்ணின் பெயர். 1913இல் பிறந்த பிபா சௌதுரி, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1936இல் இயற்பியல் முதுகலைப் பட்டம் பெற்றவர். அவ்வகுப்பில் அவர் ஒருவரே பெண். பேராசிரியர் தேவேந்திர மோகன் போஸ் அவர்களுடன் சேர்ந்து, டார்ஜிலிங் மலைப் பகுதியில் ஒளிப்படத் தகடுகளை வைத்து, விண்ணிலிருந்து வரும் கதிர்கள் அவற்றில் பதித்த தடங்களை ஆராய்ந்தார். மேசான் என்னும் துகளின் சான்றுகளை அவர்கள் 1940களின் தொடக்கத்திலேயே 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அது போர்க்காலம், மேலும் திறனுள்ள தகடுகள் கிடைக்கவில்லை. ஆய்வு அத்தோடு நின்றது. பின்னர் அதே முறையில், நல்ல தகடுகளைக் கொண்டு ஆராய்ந்த இங்கிலாந்தின் செசில் பவல் 1950இல் நோபெல் பரிசு பெற்றார்.

பிபா சோர்ந்துவிடவில்லை. மான்செஸ்டருக்குச் சென்று பிளாக்கெட்டிடம் ஆய்வு செய்தார். திரும்பி வந்து டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த முதல் பெண் ஆராய்ச்சியாளர் ஆனார். 1991இல் மறைந்தார். அவர் பெயர் நாட்டுக்கு நினைவு வர, மேலும் இருபத்தெட்டு ஆண்டுகளும் ஒரு விண்மீனும் தேவைப்பட்டன!

இதைப் படித்தபோது நான் மகிழ்ந்தேன். மறுகணம் ஒரு கேள்வி எழுந்தது. விண்மீனுக்குப் பெண் பெயர் வைத்துவிட்டோம். அந்த விண்மீனைப் பார்க்கப் பெண்ணை விட்டோமா?

என் அனுபவத்தையே சொல்கிறேன். பொழுது சாய்ந்தபின் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நின்றால் போதும், "பொழுதடைஞ்ச நேரத்துல பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன சோலி? இறங்கி வா" என்று அப்பத்தாவின் குரல் வரும். அதே அப்பத்தாதான் அதிகாலை நான்கு மணிக்கு என்னை எழுப்பி, நெற்றியில் பேட்டரி விளக்கைக் கட்டி, மல்லிகைத் தோட்டத்துக்கு அனுப்புகிறார். மொட்டு விரியுமுன் பறித்தால்தானே நிலக்கோட்டைச் சந்தையில் விலை? மாசி முற்பகுதியில் அந்நேரம் மகம் மேற்கே கொடைமலைப் பக்கம் சாய்ந்து நிற்கும். நான் குனிந்து பூப்பறித்துக்கொண்டிருப்பேன். அப்பத்தாவை நான் குறை கூறவில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கும். ஆனால் வேலைக்கு ஆகும் இருட்டு கல்விக்கு ஆகாது என்பது எந்த ஊர் நியாயம்?

நம் ஊருக்கும் இந்த அறிவுக்கும் தொடர்பில்லை என்று கருத வேண்டாம். விண்மீனின் ஆட்டத்தைக் கொண்டு கண்காணாக் கோளை அறிய முதலில் முயன்ற இடங்களுள் ஒன்று நம் சென்னை. அங்கிருந்த வான் ஆய்வகத்தில் பணிபுரிந்த ஜேக்கப் என்பார், ஓர் இரட்டை விண்மீனின் இயக்கத்தில் கண்ட பிசகுக்கு ஒரு கோள் காரணமாகலாம் என்று 1855இல் எழுதினார். அது தவறென்று பின்னர் தெரிந்தது. ஆயினும் கேள்வி சரியான கேள்வி. அந்த ஆய்வகத்தின் வழிவந்ததுதான் 1899இல் கொடைக்கானலில் நிறுவப்பட்ட ஆய்வகம். நம் தலைக்கு மேலே, வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தேறினால் போய்ச் சேரும் தொலைவில் இருக்கிறது. நாமோ கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறோம், ஏரியில் படகு விடுகிறோம், திரும்பி வந்துவிடுகிறோம்.

"வானத்தைப் பார்த்தால் வயிறு நிறையுமா?" என்பார்கள். நிறையாதுதான். டார்ஜிலிங் மலையில் தகடு வைத்த பெண்ணிடமும் யாரேனும் அப்படிக் கேட்டிருக்கலாம். "மாணவியருக்குப் பாதுகாப்பு வேண்டாமா?" என்றும் கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். பாதுகாப்பு இல்லை என்றால் பாதுகாப்பை ஏற்படுத்த வேண்டுமே தவிர, கதவை அடைப்பது தீர்வாகாது. கதவை அடைத்தே பழகியதால்தான், ஒரு வகுப்பில் ஒரே ஒரு பிபா என்ற நிலை வந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இது: ஆண்டுக்கு ஓர் இரவு, மாசித் திங்களில் நிலவில்லாத ஓர் இரவு, நம் கல்லூரி மைதானத்தில் வான் நோக்கும் விழா நடக்கட்டும். ஒரு சிறு தொலைநோக்கி வாங்குவோம் அல்லது இரவல் பெறுவோம். பேராசிரியர்கள் உடனிருக்கட்டும். பெற்றோரும் வரட்டும். முதல் ஆளாக என் அப்பத்தாவை நான் அழைத்து வருகிறேன். மகத்துக்குத் தெற்கே மங்கலாக ஒரு புள்ளியைக் காட்டி, "அது ஒரு பொம்பளப் பிள்ளை பேரு அப்பத்தா" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு அவர் என்னை மாடியிலிருந்து இறங்கச் சொல்வாரா, பார்ப்போம்!

வானில் பெயர் எழுதுவது பெருமைதான். அப்பெயரைப் படிக்கத் தரையில் ஓரிடமும் ஓர் இரவும் வேண்டும். தருவீர்களா?