அடுக்களை மேடை யார் உயரத்துக்கு?

போன மே மாதம், கோடை விடுமுறையின் இரண்டாம் நாள், எங்கள் வீட்டு அடுக்களையை நாங்களே உடைத்தோம். நான் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். அதற்குமுன் கரண்டி பிடித்துப் பழக்கமில்லாதவன். கொத்தனார் கரண்டியையும் சொல்கிறேன், சமையல் கரண்டியையும் சொல்கிறேன்.

மாடுலர் கிச்சன் போட்டுத் தரும் கடை ஒன்றில் விசாரித்தபோது மூன்று லட்சத்து எண்பதாயிரம் ஆகும் என்றார்கள். அளவெடுக்க வந்த பையன் கணினியில் படம் காட்டினான். கதவுக்கு என்ன நிறம், கைப்பிடி எந்த மாதிரி என்று கேட்டான். இங்கே நின்று சமைப்பது யார், அவர் என்ன உயரம் என்று கேட்கவில்லை. அன்றைக்கு அது எனக்கும் ஒரு குறையாகப் படவில்லை. தொகைதான் மலைப்பாக இருந்தது. “நாமளே செஞ்சிருவோம்ப்பா” என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். பிளஸ் ஒன் முடித்திருந்த மகன் சுத்தியலைத் தேடிப் போனான்.

பழைய கடப்பா மேடையைப் பெயர்த்து, குப்பையைக் கூட்டித் தள்ளியபோது அடுப்பு இருந்த இடத்துக்கு நேர்முன்னே மொசைக் தரையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒரு முழ நீளம், நன்றாகத் தேய்ந்து பள்ளம் விழுந்தவை. என்னவென்று எனக்குப் புரியவில்லை. வாசலில் நின்று பார்த்த அம்மா, “அது என் மணை போட்ட இடம்லா. ஏல, இத்தனை வருசமா நீ பாக்கலியா?” என்றாள்.

அம்மா நாலடி எட்டங்குலம். மேடை 34 அங்குலம். அதற்குமேல் அடுப்பு, அடுப்புக்குமேல் சோற்றுப்பானை. 22 வருடமாக அவள் மணைமேல் ஏறி நின்று கிண்டியிருக்கிறாள். என் மனைவி ஐந்தடி நாலங்குலம். அதே மேடையில் பதித்த சிங்க்குக்குள் குனிந்து பாத்திரம் தேய்த்தே அவளுக்கு இடுப்பு வலி வந்தது. தைலமும் பெல்ட்டும் வாங்கிக் கொடுத்தேனே தவிர, மேடையைச் சந்தேகிக்கவில்லை. வீடு கட்டிய நாளில் கொத்தனார் உயரம் கேட்டபோது, “எல்லாருக்கும் போடுறதையே போடுங்க அண்ணாச்சி” என்று சொன்னது நான்தான்.

நேராக நின்று முழங்கையை மடக்கினால், அந்த முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே மேடை இருந்தால் தோளும் இடுப்பும் நோகாது. இதுதான் பொதுவான கணக்கு. மகள் டேப்பைப் பிடித்து அளந்தாள். அம்மாவுக்கு 31, மனைவிக்கு 36 வந்தது. பழைய 34 இருவரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை. ஆகவே மேடையை இரண்டு உயரத்தில் கட்டினோம். அடுப்பும் அம்மா காய் நறுக்கும் இடமும் 31-ல், சிங்க் 36-ல். அடுப்பின் உயரமும் சேர்ந்துகொள்வதால், 31-ல் இருக்கும் சட்டி மனைவிக்கும் கைக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கிறது.

இன்னொன்றும் உடைக்கும்போதுதான் உறைத்தது. பத்துக்கு ஏழடி அறையில் இரண்டு பக்கமும் மேடை போக நடுவில் மிச்சம் மூன்றடி. நான்கு பேர் வேலைக்கு இறங்கினால் இரண்டு பேர் வெளியே நிற்க வேண்டியிருந்தது. ஒருத்தி மட்டும் நிற்பதற்கென்றே அளந்து கட்டிய அறை அது. இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமல்ல. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ஃபிராங்க்ஃபர்ட் அடுக்களையை 1926-ல் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். ரயில் பெட்டிச் சமையலறையைப் பார்த்து, நடக்கும் அடிகளைக் குறைக்கத் திட்டமிட்டது. அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் பொருத்தினார்கள். வேலை சுளுவானது. ஆனால் உதவிக்கு இன்னொருவர் நுழைய இடமில்லாததால் வீட்டுப் பெண் அதற்குள் தனியாக நின்றாள் என்ற விமர்சனமும் பின்னாளில் எழுந்தது. நாங்கள் ஒரு பக்க மேடையையே எடுத்துவிட்டோம்.

செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் முதல் வரிசை டைலை ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் பழைய மேடைக் கோட்டை நம்பி ஒட்டினோம். மறுமுனை அரை அங்குலம் இறங்கிவிட்டது. பதினொரு டைல்களைப் பெயர்த்தோம், நான்கு உடைந்தன. ஆறடிக்கு இரண்டடி கிரானைட் பலகை ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவன் நான். தூக்கும்போது முதலில் கையை விட்டவனும் நான். கடைசியில் மேடையைத் தாங்கும் சுவர்களைக் கட்டவும் பலகையைத் தூக்கி வைக்கவும் மூன்று நாள் கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் கூலி அதிகம் என்று இனி என் வாயில் வராது.

கேஸிலும் கரண்டிலும் நாங்கள் கை வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். எனவே சிலிண்டர் வைக்கும் அலமாரிக் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளை வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய ஆரஞ்சு நிறக் குழாய் எங்கள் வீட்டில் கல்லுக்குப் பின்னால் வெடித்துக் கிடந்தது. வயர்மேன் வந்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும் கருவியைப் பொருத்திக் கொடுத்தார்.

பத்து நாள் என்று நினைத்த வேலை முப்பத்துநான்கு நாள் இழுத்தது. செலவு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். ஆனால் மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் யாரும் இதில் இறங்க வேண்டாம். அலுப்பையும் உடைந்த டைலையும் கணக்கில் சேர்த்தால் லாபம் அவ்வளவு பெரிதல்ல. நம் வீட்டு ஆண்கள் ஒரு மாதமாவது அடுக்களைக்குள் நின்று அதை அளந்து பார்க்கிறார்களே, அதற்காக இறங்கலாம். அந்த முப்பத்துநான்கு நாளும் பின்கட்டில் ஒற்றை அடுப்பு வைத்து முறைபோட்டுச் சமைத்தோம். என் முறையில் சாம்பார் இரண்டு தடவை அடிபிடித்தது. தோசை இப்போது ஒழுங்காக வருகிறது.

அடுக்களையை மாற்றப்போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. நீங்களே செய்தாலும் சரி, ஆள் வைத்துச் செய்தாலும் சரி, உடைப்பதற்கு முன் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அந்த அடுக்களையில் ஒரு வாரம் சமையுங்கள். என்ன மாற்ற வேண்டும் என்பது அதற்குள் தெரிந்துவிடும். டைல் நிறத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.